முதல் பந்து

மெக்கானிக் ஃபியூஸ் வாங்கப் போன அன்று தூக்கி நின்ற இடது ஃப்ளிப்பர் இன்னும் கீழே இறங்கவில்லை. பட்டறை ஜன்னலோரம் இருக்கும் பின்பால் எந்திரத்தில், பந்தைத் தட்டிவிடும் விரல்நீளத் துண்டு அது. அதை இயக்கும் காயிலில், அதாவது மின்காந்தச் சுருளில், இரண்டு சுற்று உண்டு. தடித்த கம்பி தூக்கிவிடும், மெல்லிய கம்பி பிடித்துக்கொண்டிருக்கும். அன்று இரண்டையும், மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் டையோடையும் ஈயம் வைத்துப் பற்றவைத்தவள் மெக்கானிக்கின் மனைவி. சோதித்துப் பார்க்க அவர் ஒரு பந்தை விட்டார், அவள் எந்திரத்தின் இடது பக்கப் பொத்தானை அழுத்தினாள். ஃப்ளிப்பர் எழுந்தது, பந்து அதன் மடியில் வந்து அடங்கியது, பட்டென்று ஃபியூஸ் போய் விளக்குகள் அணைந்தன.

“டையோடைத் திருப்பிப் போட்டுட்டியா, மகாராணி? வெள்ளிக்கோடு எந்தப் பக்கம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே.”

“நீங்க சொன்னப்போ வாய் நிறைய ஸ்க்ரூ. யாருக்குப் புரியும்?”

அவர் சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டினார். மின்சாரம் போயும் ஃப்ளிப்பர் இறங்காததைப் பார்த்து, எங்கோ சிக்கிக்கொண்டது என்று நினைத்தார். “முதல் பந்து. நான் வர்ற வரைக்கும் விட்டுடாத,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கொழுந்தன் செய்தியோடு ஓடிவந்தபோது அவள் விரல் பொத்தானில்தான் இருந்தது. விரலை எடுத்தாள். ஃப்ளிப்பர் அப்படியே நின்றது. பிறகொரு நாள் கொழுந்தன் இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கிப் பார்த்தான், அசையவில்லை. “அவன் பிடிவாதம் இதுக்கும் ஒட்டிக்கிச்சு,” என்று நாத்தனார் மூக்கைச் சிந்தினாள். இரண்டு வருடம் ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அப்புறம் மின்விசிறி ரிப்பேருக்கு மட்டும் வந்தார்கள். பட்டறையை அவளே நடத்தினாள். எத்தனையோ டையோடுகளைப் பார்க்காமலே சரியாகப் பற்றவைத்தாள், அந்த ஒன்றைத் தவிர. அதைத் திருப்பினால் பந்து விழுந்துவிடுமோ என்று பயம். திருப்பாவிட்டால் அவரைக் கடைக்கு அனுப்பிய தவறு அங்கேயே இருக்கும். அவர் சட்டைப்பையில் திரும்பி வந்த ஃபியூஸ் உறை பிரியாமல் கிடந்தது. இப்படி ஒன்பது வருடம் போயிற்று.

எந்திரத்துக்குச் சொந்தக்காரரான விளையாட்டுக்கூடத்து முதலாளி வந்தார். “கூடத்தை விக்கிறேன்மா. இது ஓடலேன்னா பழைய இரும்புக்குத்தான்.”

“உட்காருங்கண்ணே. அரை மணி நேரம்.”

அடியில் இருக்கும் காயிலை எட்ட ஆட்டப் பலகையைச் செங்குத்தாக நிமிர்த்தினாள், அப்போதும் பந்து உருளவில்லை. டையோடைக் கழற்றி, வெள்ளிக்கோட்டைச் சரியான பக்கம் வைத்துப் பற்றவைத்தாள். ஈயம் ஆறும்வரை கம்பியைப் பிடித்திருந்தாள். உறையைப் பிரித்து அவர் வாங்கிய ஃபியூஸைப் போட்டாள். விளக்குகள் எரிந்தன. இடது பொத்தானை அழுத்தினாள். காயில் வெடுக்கென்று இழுக்கும் சத்தம் கேட்டது, ஃபியூஸ் போகவில்லை. விரலை எடுத்தாள். ஃப்ளிப்பர் நின்றபடியே நின்றது.

முதலாளி வலது பொத்தானை அழுத்தினார். அது துள்ளி எழுந்து ஒழுங்காக இறங்கியது.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா ஆட்டமே முடியாத எந்திரத்தை எவன் வாங்குவான்? நீயே வச்சுக்கோம்மா,” என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவள் தினமும் காலையில் அதன் கண்ணாடியைத் துடைத்து விளக்கைப் போடுகிறாள். உள்ளே இன்னும் முதல் பந்துதான்.