அப்பிரதட்சிணம்

கொலுவில் ஏறிய பொம்மை விஜயதசமி வரை இறங்கக் கூடாது என்பது என் மாமியார் அலமுவின் சட்டம். அதனால் நேர்முகத் தேர்வுக்காக நான் மூன்று மாதம் உயிரைக் கொடுத்துச் செய்த மாதிரி வடிவம், செட்டியார் பொம்மைக்கும் தசாவதாரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

"படி காலியா இருந்துதே, வித்யா" என்றார்.

அது ஏடிபி சிந்தேஸ். நம் செல்களுக்குள் ஏடிபி என்ற எரிபொருளைத் தயாரிக்கும் புரதக் கூட்டு. அடியில் ஒரு சக்கரம், மேலே ஆறு சுளை கொண்ட தலை, நடுவில் தண்டு. சக்கரமும் தண்டும் சுற்றச் சுற்றத் தலையில் ஏடிபி உருவாகும். என் மாதிரியைச் சுற்றவைக்கக் குட்டி மோட்டார் பொருத்தியிருந்தேன்.

எடுக்கத்தானே கூடாது என்று, மறுநாள் காலை அவசரமாக அதை வீடியோ எடுத்துக்கொண்டு ஓடினேன். சரிபார்க்க நேரமில்லை.

தேர்வுக் குழுவில் இருந்த பேராசிரியர் ஷோபா வீடியோவை இரண்டு முறை பார்த்தார். மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றுகிறதே, இது ஏடிபியைத் தயாரிக்கிறதா, செலவழிக்கிறதா என்று கேட்டார்.

இடஞ்சுழியாகச் சுற்றினால்தான் உற்பத்தி. திருப்பிச் சுற்றினால் இருக்கிற ஏடிபியைத் தின்று தீர்க்கும். யார் வேலை என்று உடனே புரிந்தது. மிக்சியையே பிரித்துப் பூட்டுகிற கை அது. ஐந்து வருடமாக ஒப்பந்த வேலை, இந்த நிரந்தர வேலையும் போனால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். பொய் ஒன்றும் தோன்றவில்லை.

"செலவழிக்கிறது. என் மாமியார் ஒயரை மாற்றிவிட்டார். சாமிக்கு முன்னால் அப்பிரதட்சிணம் ஆகாதாம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு முக்கால் மணி நேரம் அந்தத் தப்பைப் பற்றியே கேட்டார்கள். இருந்த கோபத்தில் பதில்கள் பளிச்பளிச்சென்று வந்தன.

வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினேன். மாமியார் முகம் சுருங்கிவிட்டது.

"என்னாலயா உனக்கு வேலை போச்சு?"

எனக்கே பாவமாக இருந்தது. "இன்னும் தெரியலம்மா."

அவர் போய் ஒயர்களைப் பழையபடி மாற்றினார். சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வேலை எனக்குத்தான் என்று மாலையில் போன் வந்தபோது, கூடம் நிறைய வெற்றிலை பாக்குக்கு வந்தவர்கள். மாமியாரின் சிநேகிதி பத்மஜா மாமி கொலுவைச் சுட்டிக்காட்டினார்.

"என்ன அலமு, இது அப்பிரதட்சிணமா சுத்தறதே. திருப்பி விடேன்."

"வேண்டாம்" என்றார் என் மாமியார். "உங்க உடம்புக்குள்ளயும் கோடி கோடியா இப்படித்தான் சுத்திண்டிருக்கு. பேசாம சுண்டலைச் சாப்பிடுங்கோ."