மில் லேனுக்கு ஆள் பிடிப்பவள்

…இல்லை, மழையைக் குறை சொல்லிப் பயனில்லை, மழை பெய்யாத சனிக்கிழமைகளில் மட்டும் மில் லேனுக்கு யார் வந்து குவிந்தார்கள், என்று நினைத்தபடி லோரெய்ன் பிக்கர்ஸ்கில் சூப்பர்மார்க்கெட் வாசலில் நின்றிருந்தாள், நனையாத துண்டறிக்கைகள் கோட்டுக்குள்ளே, நனைந்தவை கையில். நனைந்ததைத்தான் முதலில் கொடுக்க வேண்டியிருக்கிறது, நனைந்த காகிதத்தை யார் வாங்குவார்கள், வாங்குகிறவர்களும் ஏதோ தள்ளுபடிச் சீட்டு என்று நினைத்துத் தள்ளுவண்டிக்குள் போட்டுக்கொண்டு போகிறார்கள், அது வீட்டுக்குப் போய் முட்டைக்கோஸோடு சேர்ந்து குப்பைக்குப் போகும். இன்று மூன்று மணிக்கு, மில் லேன் மைதானத்தில், ஹெக்டன் டவுன் கால்பந்துக் குழு, பிள்ளைகளுக்கு இலவசம், நாய்களும் வரலாம். நாய்கள் விஷயம் அவள் யோசனைதான், குழுக் கூட்டத்தில் அதற்கே ஒரு மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது. கம்பளித் தொப்பி போட்ட ஒரு மனிதர் துண்டறிக்கையைப் பார்த்துவிட்டு, "நான் ஏற்கெனவே வேற டீமுக்கு சப்போர்ட்டு கண்ணு" என்று பரிவோடு சொன்னார், ஏதோ அவள் அவரைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டதுபோல. தொப்பியில் பெருநகரத்து அணியின் சின்னம். அந்த அணி ஆடுவதை நேரில் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை, சிரித்தாள். பல் மருத்துவமனை வரவேற்பில் இத்தனை வருஷம் உட்கார்ந்து பழகிய சிரிப்பு. வர விருப்பமில்லாதவர்களை வரவழைப்பதுதானே அவள் தொழில், அதனால்தானே இந்த வேலையையும் அவள் தலையில் கட்டினார்கள், ஆனால் பல்வலி வந்தால் அங்கே தானாக வந்துவிடுகிறார்கள், ஹெக்டன் டவுன் இல்லாவிட்டால் இந்த ஊரில் யாருக்கு எது வலிக்கப் போகிறது…

திங்கட்கிழமை வாக்கெடுப்பு. பக்கத்து ஊர் பிரிக்ஃபோர்டு குழுவோடு இணைந்துவிடலாம் என்கிறார்கள், மைதானம் பிரிக்ஃபோர்டில், கிளப் அறை பிரிக்ஃபோர்டில், பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தலைவர் டெரிக் சக்டன் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார், தேநீரில் சர்க்கரை போதுமா என்று கேட்கிற மாதிரி. அவள்தான் எழுந்து, ஒரு வாய்ப்பு கொடுங்கள், மார்ச்சில் ஒரு சனிக்கிழமை இரவு இங்கிலாந்து ஆடுகிறது, பெரிய அணிகளுக்கெல்லாம் அன்று விடுமுறை, ஊர்க்காரர்கள் சும்மாதான் இருப்பார்கள், மில் லேனை நிரப்பிக் காட்டுகிறேன் என்றாள். ஏன் சொன்னாள்? நிரப்பினா நான் இணைப்பை எதிர்த்து ஓட்டுப் போடறேன்ம்மா, என்றார் டெரிக். நிரம்பாது என்று தெரிந்தவரின் பெருந்தன்மை அது. இன்றுதான் அந்தச் சனிக்கிழமை.

சொந்த வீட்டிலிருந்தே ஓர் ஆளைக் கிளப்ப முடியவில்லை, அதுதான் எல்லாவற்றிலும் எரிச்சல். காலையில் கணவன் கிளைவ் சமையலறை மேஜையில் கால் நீட்டி உட்கார்ந்து, பெருநகரத்து அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆட்டமே இல்லாத நாளிலும் அந்தச் சட்டை, "இன்னிக்கு ராத்திரி வரைக்கும் ஃபுட்பாலே இல்லையே லோரெய்ன், ஒரு சனிக்கிழமை நிம்மதியா இருக்கேன்" என்றான். "இருக்கு கிளைவ். நாலு தெரு தள்ளி." "அட, நான் நிஜ ஃபுட்பாலைச் சொன்னேன்." வேண்டுமென்றே சொல்லவில்லை, அதுதான் கொடுமை, வேண்டுமென்றே சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். டிவியில் வருகிற இருபத்திரண்டு பேரை அவனுக்குத் தெரியும், அவர்களின் முழங்கால் வலி, விவாகரத்து, புதுக் கார் எல்லாம் தெரியும், அவர்களில் ஒருவனுக்காவது இவன் உயிரோடு இருப்பது தெரியுமா… அவள் ரொட்டியை வெட்டிக்கொண்டே இருந்தாள். இணைப்பு நடந்துவிட்டால் சனிக்கிழமைகளில் அவளும் வீட்டில் இருப்பாள், அவன் பக்கத்தில், அந்தச் சோபாவில். அதை நினைத்தால்தான் மூச்சு முட்டுகிறது. அப்படியானால் இவ்வளவு பாடும் அந்தச் சோபாவுக்குப் பயந்துதானா? சே, என்ன நினைப்பு இது, மணி இரண்டாகிவிட்டது, போக வேண்டும்.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் திரும்பியபோது அவளால் நம்ப முடியவில்லை, வரிசை நின்றிருந்தது. மில் லேனில் வரிசை. பள்ளிக்கூடத்து அம்மாக்கள், பிள்ளைகள், தள்ளுவண்டிக் குழந்தைகள், புதுக் குடியிருப்பிலிருந்து குடை பிடித்து வந்த இளம் தம்பதிகள், நிஜமாகவே ஒரு நாய், இல்லை, மூன்று நாய்கள். ஆனால் வரிசை ஏன் நகரவில்லை? ஒரே ஒரு சுழல்கதவு. பக்கத்துப் பெரிய கேட் பூட்டிக் கிடந்தது, சாவி டெரிக் கோட்டுப் பையில், டெரிக்கோ உள்ளே விருந்தினர் அணியின் தலைவரோடு சூடாக இறைச்சிச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். "எப்பவும் ஒரு கேட்டுதானம்மா திறக்கிறது." "எப்பவும் ஆளே வர்றதில்லையே டெரிக்." "அதைத்தானே நானும் சொல்றேன்." இந்த மனிதரோடு எப்படிப் பேசுவது, எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? அவள் சாவியைப் பிடுங்கி வந்து கேட்டைத் திறப்பதற்குள் வரிசையின் வாலில் நின்ற சிலர் குடையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். அவர்கள் முதுகைப் பார்த்து, ஏங்க, இதோ திறந்தாச்சு, என்று கத்தினாள், கேட்கவில்லையோ, கேட்டும் திரும்பவில்லையோ.

ஆட்டம் தொடங்கியது, தொடங்கியிருக்க வேண்டும், ஒலிபெருக்கி ஏதோ கரகரத்தது, விசில் சத்தம் வந்தது. அவளுக்குப் பார்வை முழுக்க ஆட்கள் மேல், பார்வையாளர் உட்காரும் பழைய மரக்கூடத்தின் பக்கம் எத்தனை பேர், களத்தைச் சுற்றிய கம்பியோரம் எத்தனை பேர், எண்ண ஆரம்பிப்பாள், ஒரு பிள்ளை ஓடி இடம் மாறும், விட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து. அந்த மூலைக் கொடியருகில் ஒரு பெண், மஞ்சள் மழைக்கோட்டு, அவளைத் தெரியும், ஃபோலசாடே, பல் பிடுங்க வந்தவள், நைஜீரியாவிலிருந்து வந்து இங்கே மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள், மரத்துப்போன வாயோடு துண்டறிக்கையை வாங்கித் தலையாட்டினாளே. வந்துவிட்டாள். ஆனால் எங்கே நிற்கிறாள், ஐயோ, மைதானத்தில் அத்தனை இடம் கிடக்க, கிழவர் வில்ஃபின் இடத்திலா போய் நிற்க வேண்டும்? வில்ஃப் அந்தக் கம்பியை ஒட்டி எத்தனையோ வருஷமாக நிற்கிறவர், அதோ, தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அசைந்தசைந்து வருகிறார், வந்துவிட்டார், லோரெய்ன் சேற்றில் வழுக்கிக்கொண்டு ஓடினாள்.

"இது என் இடம் தாயி."

"உங்க பேர் எதுவும் எழுதலையே" என்றாள் ஃபோலசாடே, கண்ணை ஆட்டத்திலிருந்து எடுக்காமல்.

"எழுதறதுக்கு என்ன இருக்கு. எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாதே பெரியவரே. நான் இன்னிக்குத்தான் வர்றேன்."

எல்லாம் போயிற்று. வாரக்கணக்கில் நடையாய் நடந்து, பள்ளிக்கூடத்தில் கெஞ்சி, நாய்களுக்காகச் சண்டை போட்டு, ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினால் முதல் வார்த்தையாக, இது என் இடம். இந்த ஊருக்கு ஆட்கள் வேண்டுமா வேண்டாமா, வேண்டும், ஆனால் வந்து ஓரமாக நிற்க வேண்டும், எதையும் தொடக்கூடாது. "மன்னிச்சுக்குங்க ஃபோலசாடே, அவர் அப்படித்தான், தப்பா எடுத்துக்காதீங்க, வாங்க, அந்தப் பக்கம் கூரை இருக்கு, நனையாம பாக்கலாம்" என்று மூச்சிரைக்கச் சொல்லி அவள் கையைப் பிடித்தாள், வில்ஃபைப் பார்த்த பார்வையில் அந்தத் தேநீர் உறைந்திருக்க வேண்டும். ஃபோலசாடே கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "இருங்க, கார்னர் கிக் வருது." வில்ஃபும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார், "இவனுங்க எங்க அடிக்கப் போறானுங்க, நேரா கோலி கையில கொடுப்பானுங்க" என்றார், அப்படியே ஆயிற்றுப் போலிருக்கிறது, இருவரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி உச்சுக் கொட்டினார்கள். லோரெய்னை இருவரும் கவனிக்கவில்லை. அவள் நகர்ந்தாள், எதற்கு ஓடி வந்தோம் என்பது அவளுக்கே குழம்பிப் போயிருந்தது.

இடைவேளையில் பை, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடுகிற அந்தப் பலகாரம், தீர்ந்துபோயிற்று. வழக்கமான அளவுக்குத்தான் டெரிக் சொல்லி வைத்திருந்தார், வழக்கமான அளவு என்பது வில்ஃபுக்கும் இன்னும் சில வில்ஃப்களுக்கும் போதுமான அளவு. பட்டாணி மசியல் மட்டும் அண்டா நிறைய இருந்தது, வெறும் பட்டாணியை எந்தப் பிள்ளை தின்னும். தேநீர் வரிசை ஊர்ந்தது, பிள்ளைகள் சிணுங்கினார்கள், ஓர் அம்மா மிகவும் மரியாதையாக, "ரொம்ப நல்லா இருந்துச்சு லோரெய்ன், இன்னொரு நாள் வர்றோம்" என்றாள், அந்த இன்னொரு நாள் எந்தக் காலண்டரிலும் கிடையாது என்பது பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவளுக்குத் தெரியாதா. அவள் சண்டை போட்டுத் திறந்த பெரிய கேட் வழியாகவே தள்ளுவண்டிகள் வரிசையாக வெளியேறின. நல்ல அகலமான கேட், நெரிசலே இல்லை. டெரிக் பக்கத்தில் வந்து நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நல்ல முயற்சிம்மா, யாரும் குறை சொல்ல முடியாது." குறை சொல்லியிருந்தால் தேவலை. பலகாரம் ஏன் கூடுதலாகச் சொல்லவில்லை என்று கேட்டாள். "மிஞ்சிப்போனா என்ன பண்றது" என்றார் அவர், நிஜமான கவலையோடு. இவரோடு கோபித்துக்கொள்ளவும் முடியவில்லையே, கோபம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் அவள் தோளுக்குள்ளேயே இறுகிப்போய்க் கிடந்தது.

இரண்டாம் பாதி. பாதிக்கு மேல் போய்விட்டார்களா, பாதிதான் போனார்களா… மூலையில் மஞ்சள் கோட்டு இன்னும் இருந்தது, அதனால் அங்கே போனாள், அங்கே போக வேண்டும் என்று முடிவெடுத்தெல்லாம் போகவில்லை, கால் போயிற்று. வில்ஃபும் ஃபோலசாடேயும் ஒரு ஆஃப்சைடைப் பற்றி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னா எங்க வார்டுக்கு வாங்க பெரியவரே, டாக்டர்கிட்ட சொல்றேன்."

"என் கண்ணுக்கு ஒண்ணுமில்லை. கொடி பிடிச்சவன் கண்ணை முதல்ல பாரு."

ஃபோலசாடே சிரித்துக்கொண்டே லோரெய்னைப் பார்த்துத் திரும்பினாள். "அந்த ஒன்பதாம் நம்பர் யாருங்க, நல்லா ஓடறானே, ஆனா இடது பக்கமே போக மாட்டேங்கறான்?" லோரெய்ன் வாயைத் திறந்தாள். ஒன்பதாம் எண் சட்டைக்குப் பணம் கொடுத்தது சவ அடக்கம் செய்கிற கடைக்காரர், ஏழு கசாப்புக் கடை, நான்கு அவளுடைய பல் மருத்துவர், அது எல்லாம் தெரியும், அவள்தான் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாள். "அது… சவக் கடைக்காரர் சட்டை" என்றாள். வில்ஃப் அவளை விசித்திரமாகப் பார்த்தார். "ட்ரிஸ்டன் ஓல்ராய்டு. கூரை வேய்ற பையன். போன வருஷம் ஏணியில இருந்து விழுந்து இடது கணுக்கால் போச்சு, அதுல இருந்து அந்தப் பக்கம் போக பயப்படறான்." அப்படியா, ஏணியிலிருந்து விழுந்தானா, அவன் எந்த முகம், வாராவாரம் அவள் கையால்தானே தேநீர் வாங்கிக் குடிக்கிறான்…

அவள் திரும்பி மரக்கூடத்தின் பக்கம் எண்ணத் தொடங்கினாள், இன்னும் இருக்கிறவர்களையாவது சரியாக எண்ணிவிட்டால் திங்கட்கிழமை சொல்ல ஏதாவது இருக்கும், நாய்களில் ஒன்று இன்னும் நின்றது, அதன் சொந்தக்காரர்களும், அந்தத் தம்பதி, பிறகு… முதுகுக்குப் பின்னால் மைதானமே ஒரு தடவை உறுமியது. கூடத்தில் அவள் எண்ணிக்கொண்டிருந்த முகங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வாய் திறந்து எழுந்தன, எண்ணிக்கை சிதறியது. அவள் திரும்பியபோது ஃபோலசாடே வில்ஃபின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள், கிழவரின் தேநீர் இருவர் மேலும் கொட்டியிருந்தது, யாரும் துடைக்கவில்லை. "பாத்தீங்களா, பாத்தீங்களா, இடது கால்ல அடிச்சான்." "பாத்தேன்" என்றாள் லோரெய்ன். பார்க்கவில்லை. பார்க்கவில்லையே. ஒரு கோலைக் கடைசியாக எப்போது பார்த்தாள், இந்தப் பருவத்திலா, போன பருவத்திலா, தேநீர் ஊற்றிக் கொடுக்கிற சன்னலில் நின்றபோது சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்வாள், நீளமான சத்தம் என்றால் நமக்கு, குட்டையான முனகல் என்றால் அவர்களுக்கு. பிறகு துண்டறிக்கை, சுவரொட்டி, எண்ணிக்கை. வீட்டில் கிளைவ், அந்தச் சட்டையோடு… இல்லை, அவனோடு ஒப்பிடக் கூடாது, அவனாவது பார்க்கிறான்.

இந்த நினைப்பு வந்ததும் அவள் எண்ணுவதை விட்டாள். பிறகு கம்பியின் மேல் இரண்டு கைகளையும் வைத்தாள், ஈர இரும்பு சில்லென்றிருந்தது, முதல் தடவையாகப் புல்லைப் பார்த்தாள், புல்லே அதிகம் இல்லை, சேறுதான். மூக்குக் கண்ணாடியில் தூறல். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியிருப்பார்கள், அப்படியானால் நம்முடைய கோல் எது, இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? கேட்கலாம், வில்ஃபிடம் கேட்டால் ஒரு நொடியில் சொல்வார், அதை எப்படி வாய் விட்டுக் கேட்பது. தூரத்தில் யாரோ ஒருவன், தலை முதல் கால் வரை சேறு, சட்டையின் நிறமே தெரியவில்லை, பந்தைத் தட்டிக்கொண்டு இந்த மூலையை நோக்கி ஓடி வரத் தொடங்கினான், ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனையும், கம்பியோரம் நின்ற எல்லோரும் மூச்சை உள்ளிழுத்தார்கள், லோரெய்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள், அது ஆசையா பயமா என்று அவளுக்குத் தெரியவில்லை.