மகாராணியின் சீப்பு

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். சாயங்காலம் ஐந்து மணிக்கு யூனிஃபார்மைக் கழற்றிப் போட்டதும் வாசல்படியில் உட்கார்ந்துவிடுவார். மடியில் எங்கள் நாய். பக்கத்தில் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர், கையில் பேன் சீப்பு. காதுக்குப் பின்னால், கழுத்துப்பட்டைக்கு அடியில், விரல் இடுக்கில் என்று முக்கால் மணி நேரம் உண்ணி பார்ப்பார்.

"மருந்து அடிச்சா நக்கிடும். நம்ம பொண்ணு வேற அது மேலயே சாஞ்சு கிடக்கா. கையால பாக்கறதுதான் நல்லது" என்பார்.

நல்லதுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. பின்பக்கப் புல்லை வாரா வாரம் அறுப்பது யார்? நான். நாயின் படுக்கையைக் கொதிநீரில் அலசி வெயிலில் போடுவது? நான். வேப்பிலையைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டுவதும் நான்தான். அந்தத் தண்ணீரைத் தடவித் தடவிக் குளிப்பாட்டி நல்ல பேர் வாங்குவது மட்டும் அவர்.

எனக்கு வயிறு எரிந்தது. நாய் மேலா பொறாமை என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அதை அவர் "தங்கம்" என்பார், "கழுத்தைக் காட்டு, ராஜாத்தி" என்பார். என்னைக் கூப்பிட "இந்தா" போதும். நான் கடுப்பில் அதற்கு மகாராணி என்று பேர் வைத்தேன். அவர் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டார். அவர் விரல் என் தலையில் பட்டு எத்தனை வருஷம் ஆகிறது!

ஒரு திங்கட்கிழமை சீப்பை எடுத்து, என் தையல் மெஷின் டிராயரில் பாபின்களுக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

"சீப்பைப் பாத்தியா?"

"நான் என்னத்தைக் கண்டேன்? மகாராணியைக் கேளுங்க."

இரண்டு நாள் வீட்டையே புரட்டிப் போட்டார். மூன்றாம் நாள் நாயைச் சும்மா தடவிக் கொடுத்துவிட்டு விட்டுவிட்டார். ஜெயித்துவிட்டேன். ஜெயித்து என்ன? ஐந்து மணிக்கு என்னோடு பேசவா உட்கார்ந்தார்? செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தைத்துக்கொண்டிருந்தபோது காதுக்குப் பின்னால் அரித்தது. தொட்டால் மிளகு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மகாராணி மத்தியானம் தூங்குவது என் துணிக்குவியல் மேல்தான். பதறிப்போய் முதலில் மகளைத் தலைமுதல் கால்வரை பார்த்தேன். நல்லவேளை, ஒன்றும் இல்லை. பிறகுதான் அவரைக் கூப்பிட்டேன்.

"பிச்சு எடுக்காத!" என்று இடுக்கியோடு ஓடிவந்தார். தோலை ஒட்டினாற்போலப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்தார். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினார். விரல்கள் அங்கேயே நின்றன.

"எப்ப இவ்வளவு நரைச்சுது?"

"நாலு வருஷமாச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆச்சு, எழுந்திரு."

"இன்னொண்ணு ஊர்ற மாதிரி இருக்கு" என்றேன். எதுவும் ஊரவில்லை.

"இவ்வளவு முடியில விரலால எப்படிப் பாக்கறது? அந்தச் சீப்பு இருந்தாலாவது..."

டிராயர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மானம் மிஞ்சும். டிராயரைத் திறந்தேன். பாபின்களைத் தள்ளிவிட்டு, சீப்பை எடுத்து, திரும்பாமலே பின்பக்கமாக நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார். எழுந்து உள்ளே போய்விட்டார். போச்சு, இனி வருஷக்கணக்கில் குத்திக்காட்டுவார் என்று நினைத்தேன். குழாயில் சீப்பைக் கழுவும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் பின்னால் உட்கார்ந்தார்.

"கழுத்தைக் காட்டு, ராஜாத்தி" என்றார்.

வாசல்படியில் மகாராணி எழுந்து நின்று எங்களையே பார்த்தது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும்.