கடல் இல்லாத நாட்டின் கொடி

எங்கள் கப்பலின் பின்புறத்தில் எழுதியிருந்த ஊர்ப்பெயரை அழிக்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். நடந்தது அவ்வளவுதான். ஆனால் ஷார்ஜா துறைமுகத்து டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள், நான் கலகம் செய்தேன், கேப்டனைக் கத்தியைக் காட்டி மிரட்டினேன் என்றெல்லாம் கண் காது மூக்கு வைத்துப் பேசுகிறார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் செல்வசிங். குளச்சல்காரன். அந்தக் கப்பலில் நான் போசன், அதாவது மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவன். கயிறு, பெயிண்ட், துரு சுரண்டுவது எல்லாம் என் பொறுப்பு. எனக்குக் கீழே ஏழு பேர். 2004 ஏப்ரலில் ஷார்ஜாவுக்கு வெளியே நங்கூரம் போட்டுவிட்டு, சிமெண்ட் மூட்டை ஏற்றுவதற்கு எங்கள் முறை வரும் என்று காத்துக்கிடந்தோம். மூட்டைகள் ஆப்பிரிக்காவுக்குப் போகவேண்டியவை. மே மாதக் கடைசியில் நடுக்கடலில் இருப்போம். பருவக்காற்று எதிரே வந்து நிற்கும்.

கப்பல் எனக்கு மூத்தது. துரு சுரண்டும்போது என் ஆட்களிடம் “மெல்லலே, மெல்ல” என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். வேகமாகச் சுரண்டினால் கை அந்தப் பக்கம் போய்விடும். சரக்கறையில் தண்ணீர் கசிந்த இடத்திலெல்லாம் பலகையால் பெட்டி கட்டி, சிமெண்ட் குழைத்து ஊற்றி அடைத்துவைத்திருந்தோம். அவசரத்துக்கு எல்லாக் கப்பலிலும் செய்கிற வேலைதான். அடுத்த துறைமுகத்தில் தகட்டை மாற்றிவிடுவார்கள். எங்கள் முதலாளிக்கு மட்டும் அந்த அடுத்த துறைமுகம் வரவே இல்லை. பேருக்குத்தான் இரும்புக் கப்பல், மிதந்துகொண்டிருந்தது சிமெண்டால். இப்போது அதற்குள் சிமெண்டையே ஏற்றப் போகிறார்கள். பருவக்காற்றில் தண்ணீர் உள்ளே புகுந்தால் மூட்டைகள் கல்லாகிவிடும். கல்லோடு சேர்ந்து நாங்களும் போவோம்.

கப்பலுக்குக் கொடி என்று ஒன்று உண்டு. எந்த நாட்டில் பதிந்திருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் கப்பலுக்கும் சட்டம். அந்த நாட்டுத் துறைமுகம் ஒன்றின் பெயரைக் கப்பலின் பின்புறத்தில் எழுதியிருக்கவேண்டும். எங்கள் கப்பல் மத்தியதரைக் கடலில் உள்ள ஒரு குட்டித் தீவில் பதிந்தது. தீவின் பெயரைச் சொல்லமாட்டேன்; முதலாளியின் வக்கீல் இன்னும் திடகாத்திரமாகத்தான் இருக்கிறார். அந்தத் தீவை முதலாளியும் பார்த்ததில்லை, கப்பலும் பார்த்ததில்லை. அங்கே யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்பதால் அவருக்குப் பிடித்துப்போயிருந்தது.

அந்தத் தீவுதான் மே முதல் தேதி ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர இருந்தது.

அங்கிருந்து வந்த சுற்றறிக்கையைக் கேப்டனே சாப்பாட்டு அறைப் பலகையில் குத்திவைத்திருந்தார். நாங்கள் எங்கே படிக்கப்போகிறோம் என்ற நம்பிக்கை. இரண்டாம் மேட் கலீலுர் ரஹ்மான் படித்தார். காயல்பட்டினத்துக்காரர், எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே அதிகாரி.

“அண்ணாச்சி, ஒன்றியத்துல சேரணும்னா, அவங்க சட்டத்துக்குத் தக்க இவங்க தங்களோட நாட்டுச் சட்டத்த மாத்தணும். கப்பல் சட்டத்தையும் மாத்திட்டாங்க. மே ஒண்ணுலேருந்து, பழைய கப்பல் எதுவும் ஆய்வாளர் வந்து தகட்டத் தட்டிப் பாக்காம சரக்கோட கிளம்பக்கூடாது. எந்த நாட்டுல நின்னாலும் சரி.”

“நம்ம கப்பலுமா?”

“கொடி அவங்களோடதுதானே. நம்ம கப்பலுந்தான்.”

நான் ஷார்ஜாவில், முவைலாவில் ஒரு ரூமில் கொஞ்சகாலம் இருந்தவன். புதிதாக வருகிறவன் அந்த ரூமின் சமையல் முறைக்கும் குளியல் முறைக்கும் ஒத்துப்போகவேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள். நாடுகளுக்கும் அதே கதைதான் போலிருக்கிறது. எங்கோ ஒரு தீவு பெரிய ரூமுக்குக் குடிபோனதில் எங்கள் எட்டுப் பேர் உயிருக்கும் ஒரு சட்டம் கிடைத்துவிட்டது. பார்த்திராத அந்தத் தீவின்மேல் எனக்கு அன்றைக்குப் பாசமே வந்துவிட்டது.

முதலாளி சும்மா இருப்பாரா? ஏப்ரல் கடைசி வாரத்தில் கேப்டன் என்னைக் கூப்பிட்டார். குஜராத்காரர், ஓய்வு பெறுகிற வயது. முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

“போசன், கொடி மாறுது. பின்னாடி ஆள் நிக்கிற தொங்குபலகையை இறக்கு. பழைய ஊர்ப்பெயரை அழிச்சிட்டுப் புதுசு எழுது. ஜல்தி.” இந்தியில்தான் சொன்னார்.

புதுக் கொடி எந்த நாட்டுடையது என்று கலீலிடம் கேட்டேன். சொன்னார். சிரிப்பதா, காறித் துப்புவதா என்று தெரியவில்லை. அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது. நான்கு பக்கமும் அடுத்தவன் நிலம். பின்புறத்தில் எழுதச் சொன்ன ஊரில் இருக்கிறவர்கள் கப்பலைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். அந்த நாடு எந்த ஒன்றியத்திலும் சேரவில்லை, எந்தச் சட்டத்தையும் மாற்றவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தது: பழைய பெயர் போய், புதுப் பெயர் எழுதிய பின்புறத்தைப் படம் எடுத்து அனுப்பவேண்டும். ஏப்ரல் முடிவதற்குள் படம் போய்விட்டால் கொடி மாறிவிடும், தீவின் ஆய்வாளருக்கு இங்கே வேலை இருக்காது.

நான் திரும்பப் போய்க் கேப்டனிடம் மாட்டேன் என்றேன்.

“உன்னோட சீமேன் புத்தகம் என் அலமாரியில இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ” என்றார். அந்தப் புத்தகம் இல்லாமல் வேறு கப்பலில் வேலைக்கு ஏற முடியாது.

“இருக்கட்டும் சாப். நானும் இந்தக் கப்பல்லதான் இருக்கேன், நீங்களும் இதுலதான் இருக்கீங்க” என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில். சிமெண்ட் பெட்டிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

என் ஆட்கள் ஏழு பேரும் பிரஷ்ஷைத் தொடமாட்டோம் என்றார்கள். சொல்வது சுலபம். அன்று சாயங்காலம் கையிலிருக்கும் காசு எத்தனை மாதத்துக்கு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். போனில் சிக்னல் கிடைத்ததும் என் மனைவி சுகிர்தராணியைக் கூப்பிட்டேன். அவள் ஓமானில், சோஹாரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, “வேல போயிரும் போலிருக்கு” என்றேன்.

“போவட்டு” என்றாள். “எங்க ஆஸ்பத்திரிக்குக் கடல்லேருந்து கொண்டு வாறவங்க யாரும் நடந்து வாறதில்ல. ஒங்கள அப்படிப் பாக்க எனக்கு ஏலாது. நீங்க அந்தப் பேர அழிச்சீங்கன்னு கேள்விப்பட்டா, அப்புறம் எங்கிட்ட பேச வேண்டாம்.”

அதற்குப் பிறகு நான் கணக்குப் போடவில்லை.

ஏப்ரல் முப்பதாம் தேதி மத்தியானம் ஒரு படகு வந்தது. அதில் கம்பெனியின் ஷார்ஜா மேனேஜர் விஜயபாஸ்கர் இருந்தார். சென்னைக்காரர், அந்த வெயிலிலும் கழுத்தில் டை. கூடவே பெயிண்ட் டப்பாக்களோடு ஒருவன், முகமெல்லாம் வெளிறிப்போய்.

“மிஸ்டர் செல்வசிங், என்ன இது? ஜஸ்ட் ஒரு பேரு. இதுக்குப் போய் இவ்ளோ பிராப்ளம் பண்றீங்க?”

“வெறும் பேருதானே சார். அப்ப இருந்துட்டுப் போவட்டு.”

“இனிமே உங்கள எந்தக் கம்பெனியும் எடுக்காது. கல்ஃப் முழுக்கச் சொல்லிடுவேன், தெரியுதா?”

“சொல்லுங்க சார். எதுக்காவன்னும் சேத்துச் சொல்லுங்க.”

அவர் என்னை விட்டுவிட்டு அந்தப் பெயிண்டரைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவன் பெயர் உடையப்பன், சிவகங்கைப் பக்கம். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் லாரிக் கதவுகளில் கம்பெனிப் பெயர் எழுதுகிறவன். கப்பலின் விளிம்புக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தவன் அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, நான் தரையில நின்னு எழுதுறவண்ணே. எனக்கு நீச்சலு தெரியாதுண்ணே.”

அவன்மேல் எனக்கு என்ன கோபம்? லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, இடுப்பில் ஒரு கயிற்றை நானே கட்டி, அதன் நுனியை விளிம்புக் கம்பியில் முடிந்தேன். “ஒன்ன விழ விடமாட்டேன். ஆனா இந்த வேலைக்குப் பலகைய எறக்கவும் மாட்டேன்” என்றேன்.

ஆகவே பலகைக் கயிற்றின் ஒரு பக்கத்தைக் கேப்டனும், மறுபக்கத்தை மேனேஜர் விஜயபாஸ்கரும் பிடித்தார்கள். டை தோளுக்குப் பின்னால் போய்விட்டது. பலகை ஒரு பக்கம் ஏற, ஒரு பக்கம் இறங்க, உடையப்பன் தன் குலதெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே கீழே போனான். என் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். எனக்கும் மனசு குளுகுளுவென்று இருந்தது.

வேலைக்காரன்தான். ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டே பழைய பெயர்மேல் கறுப்பு அடித்து, அது காய்ந்ததும் கடல் இல்லாத ஊரின் பெயரை வெள்ளையில் அழகாக எழுதிவிட்டான். மேனேஜர் கயிறுகளைக் கம்பியில் கட்டிவிட்டுப் படகில் இறங்கிப் படம் எடுக்கப் போனார். சூரியன் மேற்கே சாய்ந்திருந்தது.

கப்பலின் பெயரையும் ஊரையும் வெறும் பெயிண்டில் எழுதமாட்டார்கள். முதலில் வெல்டிங்கால் எழுத்துகளைப் புடைப்பாக வார்த்து, அதன்மேல்தான் பெயிண்ட் அடிப்பார்கள். சாய்ந்த வெயில் பட்டதும், கறுப்புக்கு அடியிலிருந்து தீவின் ஊர்ப்பெயர் ஒவ்வொரு எழுத்தாக எழுந்து நின்றது. படத்தில் இரண்டு ஊரும் தெரிந்தன.

“கிரைண்டர் கொண்டு வா! தேய்ச்சு எடு!” என்று படகிலிருந்து மேனேஜர் கத்தினார்.

கிரைண்டர் என் ஸ்டோரில் இருந்தது. சாவியும் என்னிடம்தான். தரமாட்டேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் போய் எடுத்துவந்து, வயரைச் சொருகிக் கயிற்றில் கட்டி உடையப்பனிடம் இறக்கினேன். என் ஆட்கள் என்னைத் துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

“மூஞ்சியத் தள்ளி வச்சிக்க தம்பி. மெல்ல” என்றேன்.

கலீல் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். கேப்டன் “ருக்கோ, ருக்கோ” என்று நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். மேனேஜர் “தேய்யா!” என்றார். மேனேஜர் சொன்னதைத்தான் உடையப்பன் கேட்டான். அவனைக் கூட்டிவந்தவர் அவர்தானே.

முதல் எழுத்தில் பொறி பறந்தது. வெல்டிங் வைத்த இரும்பு கெட்டி, இம்மி அசையவில்லை. அழுத்தினான். கிரைண்டர் எழுத்திலிருந்து வழுக்கிப் பக்கத்துத் தகட்டில் பட்டது. சத்தமே மாறிவிட்டது. உடையப்பன் அலறிக்கொண்டு கிரைண்டரை நிறுத்தினான். தகட்டில் கை அகலத்துக்கு ஓட்டை.

அந்த ஓட்டைக்குள்ளிருந்து ஒரு விரல் வெளியே நீண்டு, மேனேஜரைப் பார்த்து அசைந்தது. கலீல் உள்ளே, அந்தத் தகட்டுக்குப் பின்னால் இருக்கிற சுக்கான் அறையில் நின்றிருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. உடையப்பன் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“அண்ணே, இந்தக் கப்பல்லயாண்ணே ஆப்பிரிக்கா போறீங்க?”

நான் கேப்டனைப் பார்த்தேன். கேப்டன் தண்ணீரைப் பார்த்தார்.

உடையப்பன் டப்பாக்களுக்கு நடுவிலிருந்து தின்னரையும் துணியையும் எடுத்தான். புதிதாக எழுதிய வெள்ளை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. துடைக்க ஆரம்பித்தான்.

“ஏய், என்ன பண்றே?”

“பேர அழிக்கிறேன் சார். அதுக்குத்தான கூட்டியாந்தீக?”

மேனேஜர் கத்திய கத்தலை இங்கே எழுத முடியாது. படகிலிருந்துகொண்டு அவரால் வேறு ஒன்றும் செய்யவும் முடியாது. கேப்டன் கம்பியில் இருந்த கயிற்றை அவிழ்த்து, என் கையில் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். இந்தத் தடவை நாங்கள் எட்டுப் பேரும் கயிற்றைப் பிடித்தோம். பலகை துளிகூட ஆடவில்லை. உடையப்பன் புடைத்து நின்ற ஒவ்வொரு எழுத்தின்மேலும் வெள்ளையைப் பூசித் தீவின் ஊர்ப்பெயரைத் திரும்ப எழுதினான். வெயில் இறங்குகிறவரை எழுதினான்.

மே முதல் வாரத்தில் ஆய்வாளர் வந்தார். சுத்தியலை அவர் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார், சரக்கறையில் சிமெண்ட் பெட்டிகளைப் பார்த்தார், போதும் என்றார். கப்பல் ஆப்பிரிக்காவுக்குப் போகவில்லை. என்னை இறக்கிவிட்டார்கள். இப்போது உடையப்பனின் கராஜில் லாரிகளுக்குத் துரு சுரண்டுகிறேன். இங்கே வேகமாகவே சுரண்டலாம், அந்தப் பக்கம் கடல் கிடையாது.

விஜயபாஸ்கர் சொன்ன சொல் தவறாதவர். என் பெயரைக் கல்ஃப் முழுக்கச் சொல்லிவிட்டார். எதற்காக என்பதை மட்டும் விட்டுவிட்டார். அதை இப்போது நான் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.