மூன்றாம் மாடிக்குப் போக வேண்டிய புட்டி

புட்டி கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். உள்ளே தெளிந்த நீரில் நூல் துணுக்குகள் போல மூன்று துண்டுகள் கிடந்தன. கணவரின் கல்லீரலிலிருந்து எடுத்தவை.

"சலைன்லதான் போட்டிருக்கேன். சதை கெடாம வைக்கிற ஃபார்மலின் எங்க வார்டுல தீர்ந்துபோச்சு," என்று வராந்தாவில் வைத்துச் சொன்னாள் நர்ஸ். "மூணாவது மாடி பயாப்ஸி ரூம்ல அரை மணி நேரத்துக்குள்ள கொடுத்துடுங்க. அவங்க மருந்துல மாத்திப்பாங்க. அட்டெண்டர் இன்னிக்கு லீவு."

புட்டியை வாங்கிக்கொண்டு அவள் தலையாட்டினாள். மூன்று வாரமாகத் தலையாட்டுவதே வேலையாகிவிட்டது. ஸ்கேன் அறையில் ஒருவர், மருந்துக் கடையில் ஒருவர், கட்டில் ஒதுக்கும் இடத்தில் ஒருவர் என்று யார் எதைச் சொன்னாலும் தலையாட்டினாள். இடையில் டைல்ஸ் கடை வேலை வேறு.

உள்ளே கட்டிலில் கணவர் வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தார். நான்கு மணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும், பக்கத்தை விட்டு யாரும் நகரக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. பஸ் பணிமனையில் இன்ஜினையே இறக்கி ஏற்றுகிற மெக்கானிக். ஊசி என்றால் மட்டும் குலை நடுக்கம். காலையில் குத்தும்போது நர்ஸின் கையை அவர் பிடித்த பிடியில் அந்தப் பெண் இன்னும் விரலை உதறிக்கொண்டிருந்தாள்.

"இத்தோட சரி. இன்னொரு தடவை குத்த வந்தாங்க, ஜன்னல் வழியா குதிச்சு வீட்டுக்குப் போயிடுவேன்," என்று முனகினார்.

"சாம்பிள்தானே எடுத்தாங்க. முடிஞ்சுபோச்சு."

சாம்பிள் என்ற அந்த வார்த்தையைத்தான் மூன்று வாரமாகச் சொல்லி வந்தாள். அவருடைய அண்ணன் பயாப்ஸி என்ற வார்த்தை காதில் விழுந்த நாளிலிருந்து சோறு இறங்காமல் பாதியாய்ப் போனவர். கணவரிடமும் அதே சொல்லைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. கடையில் காலையிலிருந்து மாலை வரை அவள் வாயில் புரள்வது சாம்பிள்தான். சாம்பிள் கல்லை வாடிக்கையாளர் கீழே போட்டு உடைத்தால், சிரித்துக்கொண்டே இன்னொன்றை எடுத்து நீட்டுவாள். அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் பாரம்.

அந்த நேரம் பார்த்து அவள் தம்பி உள்ளே வந்தான். "மாமா, எப்படி இருக்கீங்க?"

"வா மாப்ள. உங்க அக்கா என்னை அறுத்துக் கூறு போட்டுட்டா."

அவர் காது முழுக்கத் தங்கள் பக்கமே இருப்பது அவளுக்குத் தெரியும். புட்டியைத் தம்பி கையில் திணித்தாள். "இந்த சாம்பிளைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வா. சீக்கிரம்." எந்த மாடி என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கணவர் தண்ணீர் கேட்டார். தம்பி கதவைத் தாண்டிவிட்டான்.

இரண்டு மணிக்கு நர்ஸ் ஓடிவந்து அவளை வராந்தாவுக்கு அழைத்தாள். "மேல இருந்து போன் வந்துச்சு. புட்டியே வரலையாமே?"

அவள் தம்பியைத் தேடினாள். தம்பி வாசலில் யாரிடமோ கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தான்.

"எங்கடா கொடுத்த?"

"கீழதான். சாம்பிள் எங்க கொடுக்கணும்னு செக்யூரிட்டிகிட்ட கேட்டேன், ரத்தம், யூரின் வாங்குற ஜன்னலைக் காட்டுனாரு. ஏன்க்கா, தப்பா?"

நர்ஸைக் கட்டிலருகே இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் படியிறங்கி ஓடினார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் குளிர்பெட்டியைத் திறந்து தட்டை இழுத்தாள். சிறுநீர்ப் புட்டிகளுக்கு நடுவே அது சாதுவாக நின்றது.

"சாம்பிள்னு சொல்லிக் கொடுத்தாரு, தட்டுல வெச்சேன். நாலு மணிக்குத்தான் தட்டு உள்ள போகும்," என்றாள் அந்தப் பெண். அவள்மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

மூன்றாம் மாடியில் டெக்னீஷியன் புட்டியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அவருக்கும் கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"எத்தனை மணிக்கு எடுத்தது?"

"பத்தரை."

"மூணரை மணி நேரம். ஃபிரிட்ஜ்ல இருந்தது, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைக்கலாம். ஆனா உறுதியாச் சொல்ல முடியாதும்மா."

"கொஞ்சம் லேட்டானா இவ்வளவு வித்தியாசமா சார்?" என்றான் தம்பி.

"சாம்பிள்ல சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவுன்னு அளக்கிறோம். கெட்டுப்போச்சா, நாளைக்கு வாங்கன்னு சொல்லி இன்னும் ரெண்டு சொட்டு எடுத்துப்போம். பயாப்ஸி அப்படி இல்ல தம்பி. சதையை வெட்டி எடுத்து, அது எப்படி அமைஞ்சிருக்குன்னு உருவத்தைப் பார்க்கணும். உருவம் கலைஞ்சுபோச்சுன்னா நான் எதைப் பார்க்கிறது? இன்னொண்ணு வேணும்னா அந்த மனுஷனைத்தான் மறுபடி குத்தணும்."

புட்டியைத் திறந்து துண்டுகளை மருந்துக்கு மாற்றினார். பிறகு டாக்டருக்குப் போன் செய்து, அவளிடம் நீட்டினார்.

"வியாழக்கிழமை தெரியும்," என்றார் டாக்டர். "சரியா வரலைன்னா அன்னிக்கே மறுபடி எடுத்தாகணும், தள்ளிப்போட முடியாது. அவர்கிட்ட இப்பவே சொல்லிடுங்க. விஷயம் தெரியாம வந்து படுக்கிறவருக்கு நான் ரெண்டாவது தடவை ஊசி போட மாட்டேன்."

கீழே இறங்கும்போது தம்பி அழுதுவிடுவான் போலிருந்தது. "நான்தான் சொதப்பிட்டேன்னு மாமாகிட்ட சொல்லிடறேன்க்கா."

"நீ சும்மா இரு. உனக்கு அரைகுறையாச் சொன்னது நான்."

கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கத் தெம்பில்லை.

"நான் சொன்னது பொய்ங்க. அது சாம்பிள் இல்ல. பயாப்ஸி."

அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். திரும்பக் கூடாதே, கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

"அண்ணனுக்கு எடுத்ததா?"

"அதேதான். அந்த வியாதியான்னு பார்க்க எடுத்தது. ஆமான்னு இன்னும் யாரும் சொல்லல, இல்லன்னும் சொல்லல." பிறகு ஜன்னல், தட்டு, குளிர்பெட்டி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். "வியாழக்கிழமை சரியில்லன்னா, இன்னொரு தடவை குத்தணும்."

தம்பி சுவரோடு ஒட்டி நின்றான்.

"மாப்ள."

"மாமா..."

"வியாழக்கிழமை லீவு போடு. இங்க என் பக்கத்துல நீ உட்காரு." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "நர்ஸம்மாகிட்ட, கையைக் கொடுக்க வேணாம், உன் கை இருக்குன்னு சொல்லிடு. புட்டியை உங்க அக்கா கொண்டுபோகட்டும். எந்த மாடின்னு அவளுக்குத்தான் தெரியும்."

அவள் ஸ்டூலிலிருந்தபடியே கட்டில் ஓரத்தில் தலையைச் சாய்த்தாள். இன்னும் கால் மணி நேரம் அவர் அசையக் கூடாது. அவளும் அசையவில்லை.