விட்டுப்போன வரி

"சபையில கேட்டீங்களா?" என்றாள் சப்பீரா.

"இன்னும் இல்ல."

"போன வருஷமும் இதேதான் சொன்னீங்க."

"சும்மா கேட்டுட முடியுமா? எழுந்து நிக்கணும். அனுமதி குடுத்தாதான் வாயத் திறக்கலாம்."

"நல்லா திறந்தீங்க. பேரீச்சை அறுப்பு முடிஞ்சதும் எங்கண்ணன் என்னை எரிகோவுல ஒரு எண்ணெய் வியாபாரிக்குக் கட்டிக்குடுக்கப் போறான். அந்த மனுஷன் யார் அனுமதிக்கும் காத்திருக்கல."

இந்தப் பேச்சு நடந்து பதினேழு நாள் ஆகிறது. அறுப்பு முடிய இன்னும் மூன்றே நாள். உப்புக்கடல் கரையில், எழுத்துக்கூடத்தில் குனிந்து உட்கார்ந்திருந்த மல்கியாவுக்கு அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் மனப்பாடம். சுருள்களுக்கு ஆட்டுத்தோல் பதப்படுத்திக் கொண்டுவருகிற விதவை அவள். மனைவி மக்களோடு வாழும் சகோதரர்களும் இந்தச் சபையில் உண்டு. இங்கே கல்யாணம் கூடாது; அவர்கள் ஊர்ப்புறக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். தன்னை அங்கே மாற்றிவிடும்படி ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மூன்று வருடமாக நேரம் வாய்க்கவில்லை. முதல் தடவை, தன் முறைக்குக் காத்திருந்தே தூங்கிப்போனான். முப்பது நாள் தண்டனை. அடுத்த தடவை, கண்காணி யோயாரிப் தன்னடக்கத்தைப் பற்றிப் பேசும்போது அவர் தாடியில் ஒரு வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்தது. சிரித்துவிட்டான். இன்னொரு முப்பது. பிறகு அவசரப்பட்டு, வேறொருவர் பேச்சுக்குக் குறுக்கே எழுந்தான். பத்து. இந்த விதிகளையெல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் படியெடுப்பவன் அவனேதான்.

மறுநாள் காலை சபை கூடியதும் கண்காணி புதுச் சுருளைத் தூக்கிக் காட்டினார்.

"தூங்கினா முப்பது நாள், அசட்டுத்தனமா சிரிச்சா முப்பது நாள்னு மூலத்துல ரெண்டு வரி இருக்கு. உன் படியில சிரிப்பக் காணோமே, தம்பி?"

மல்கியா சுருளை எட்டிப் பார்த்தான். முதல் முப்பதை எழுதி முடித்ததும் கண், சப்பீராவை நினைத்துக்கொண்டே இரண்டாவது முப்பதுக்குத் தாவியிருக்கிறது. இடையில் ஒரு விதியே போய்விட்டது.

"தண்டனை வாங்கினவன் சட்டத்தையே முழுங்கிட்டானே" என்றான் பின்வரிசை ஒதவியா. அனுமதியில்லாமல் பேசியதற்கு அவனுக்கு அங்கேயே பத்து நாள் விழுந்தது.

"வேணும்னே செஞ்சிருந்தா ஒரு வருஷம் வாய்ப்பூட்டு" என்றார் கண்காணி. "கை தவறிடுச்சுன்னா வரிக்கு மேல எழுதிச் சேத்துட்டு உக்காந்துடலாம். சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"

கை தவறிவிட்டது என்று சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம். மல்கியா எழுந்தான். மூன்று வருடத்தில் முதல் தடவையாகச் சபையே அவனைப் பேசச் சொல்கிறது, அதுவும் குற்றவாளியாக. இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் எத்தனையோ வரிகளை முன்பே விட்டிருப்பான்.

"கை தவறிடுச்சுங்க. சேத்துடறேன்" என்றான்.

கண்காணி தலையாட்டினார். அவன் உட்காரவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க. என்னைக் குடும்பஸ்தங்க குடியிருப்புக்கு அனுப்பிடுங்க. தோல் கொண்டுவர்ற சப்பீராவ நான் கட்டிக்கணும்."