கைப்பிடிக்குள் மாமனார்

என் மனைவி என்னோடு பேசி நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன்; சண்டையில் கொஞ்சம் ஏறலாம், கொஞ்சம் இறங்கலாம். இவளோ நேரத்துக்குச் சாப்பாடு வைத்தாள், சட்டை தேய்த்து மாட்டினாள், வாய்க்கு மட்டும் பூட்டுப் போட்டுவிட்டாள்.

காரணம் ஒரு நாற்காலி. எங்கள் துணிக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் என் மாமனார் முப்பது வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலி. அவர் வாயைத் திறந்து விலை சொன்னதே கிடையாது. வாடிக்கையாளர் கேட்ட விலை படிந்தால், நாற்காலியின் வலது கையில் விரல் கணுவால் ஒரு தட்டு. படியாவிட்டால் இரண்டு. டொக், டொக். தட்டித் தட்டி அந்த மரத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு குழியே விழுந்துவிட்டது. மாப்பிள்ளையாகக் கடைக்குள் கால் வைத்த நாள்முதல் நான் அந்தச் சத்தத்துக்கு அடங்கி நடந்தவன்.

அவர் காலமாகி அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மனைவி அக்கா வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, தெருக்கோடித் தையல்காரர் நாற்காலியைக் கேட்டார். விற்றுவிட்டேன். தூக்கும்போது, ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்த வலது கை கழன்று விழுந்தது.

"இதைச் சாக்கு வச்சு விலையக் குறைக்காதீங்க" என்று முந்திக்கொண்டேன்.

"குறைக்கல முதலாளி. இதை நீங்களே வச்சுக்கோங்க."

வைத்துக்கொண்டேன், கல்லாவுக்கு அடியில். அன்றிலிருந்து படுக்கை விரிப்போ திரைத்துணியோ, நான் ஒரு படி இறங்கி விலை சொன்னால் போதும், காலடியில் டொக், டொக். எலி என்று சொல்லிக்கொண்டேன். பொறியும் வைத்தேன். நான் விலை இறங்கும்போது மட்டும் தட்டுகிற எலியை எந்தப் பொறி பிடிக்கும்?

அந்தச் சமயத்தில் மனைவியின் காய்கறிக் கத்திக்குப் பிடி உடைந்தது. அந்த நாற்காலிக் கை மரத்திலேயே புதிய கத்திக்குப் பிடி போட்டுக் கொடுத்தால் அவள் வாய் திறப்பாள், கடையில் சத்தமும் ஓயும் என்று கணக்குப் போட்டேன். குழி இருக்கும் பக்கம் வெளியே தெரிய வேண்டும். அவள் கட்டைவிரல் அங்கே போய் உட்கார வேண்டும். அதுதான் என் சரக்கு.

இரும்புக் கடையில் பிடி போடாத கத்தி கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களேவா போடப் போறீங்க? விரலுக்குத் தையல் போட ஆள் சொல்லி வச்சிட்டீங்களா?"

"கிண்டலை நிறுத்தி வழியச் சொல்லுங்க."

"மரத்தை ரெண்டாப் பிளந்து, கத்தியோட வாலுக்கு ரெண்டு பக்கமும் வச்சு ஒட்டணும். குறுக்கே ரெண்டு பித்தளை ஆணி. ஆனா இந்தப் பசை அஞ்சு நிமிஷத்துல இறுகிடும்."

"அஞ்சு நிமிஷத்துல நான் எதையும் முடிச்சதில்லையே."

"அப்ப பசைகிட்ட பேரம் பேசிப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை, கடையின் பின்னறையில் உட்கார்ந்தேன். மரத்தை நீளவாக்கில் அறுத்தேன். ரம்பம் கோணலாகப் போனது, ஆனாலும் இரண்டு பலகை தேறியது. துளை போட்டேன். பசையைச் சிக்கனமாக, ஓரங்களில் மட்டும் தடவினேன், பிறவிக் குணம். குழி இருந்த பலகையைக் கையில் எடுத்தேன்.

டொக், டொக்.

உள்ளங்கைக்குள்ளேயே தட்டியது. உதறினேன். பலகை மரத்தூளில் விழுந்தது. பசை இறுகிக்கொண்டிருந்தது. அள்ளி எடுத்து, ஒட்டி, ஆணி இறக்கி, இடுக்கியில் மாட்டித் திருகிவிட்டு வெளியே வந்து இரண்டு செம்பு தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்தேன். பிடி கன்னம்போல வழுவழுவென்று வந்தது. குழியைத் தேடினேன். இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கமும் இல்லை. தேய்த்தே தீர்த்துவிட்டேனோ? நகத்தால் சுண்டினேன். ஒரு பக்கம் திண்ணென்றது. மறுபக்கம் காலியாக ஒலித்தது. பதற்றத்தில் பலகையைப் புரட்டி ஒட்டியிருக்கிறேன். குழி உள்ளே, இரும்பைப் பார்த்தபடி மூடிக்கிடந்தது. ஏதோ ஒரு மரச் சிம்பும் அதற்குள் மாட்டிக்கொண்டு, குலுக்கினால் அசைந்தது.

இனிப் பிரிக்க முடியாது. கொண்டுபோய் நீட்டினேன்.

"மாமா நாற்காலியோட கைதான்" என்றேன்.

வாங்கினாள். அவள் கட்டைவிரல் பிடிமேல் மெதுவாக நகர்ந்து, குழி இருந்திருக்க வேண்டிய இடத்தில் நின்றது. யாரும் அவளுக்கு இடம் காட்டவில்லை. வெங்காயத்தைப் பலகையில் வைத்து வெட்டினாள். கத்தி பலகையில் பட்டு டொக் என்றது. உடனே பிடிக்குள்ளிருந்து இன்னொரு டொக். ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு.

"உள்ள சிம்பு ஏதோ மாட்டியிருக்கு, அதான்…"

கையைத் தூக்கி என்னை அடக்கினாள். பிறகு நாற்பத்தொரு நாள் கழித்து வாயைத் திறந்தாள், கத்தியிடம்.

"சரிப்பா, சொல்றேன்."

என் பக்கம் திரும்பினாள். "நாற்காலி எங்கேன்னு கேக்கறார்."

தையல்காரரிடம் சொல்வதற்கு, போகிற வழியிலேயே மூன்று பொய் தயார் செய்தேன். ஒன்றும் செலவாகவில்லை. நாற்காலி அவர் கடைக்கு வெளியே படியோரம் கிடந்தது.

"எடுத்துட்டுப் போங்க முதலாளி. புண்ணியமாப் போகும்."

"எவ்வளவு தரணும்?"

"ஒண்ணும் வேணாம். கூலி சொல்ல வாயைத் திறந்தா ரெண்டு தட்டு தட்டுது. வந்தவங்க எந்திரிச்சு ஓடறாங்க."

"கைதான் கழண்டு போச்சே, எதுல தட்டுது?"

"அதையேதான் நானும் உங்களைக் கேக்கறேன்."

பேரம் பேசாமல் பொருளைத் தருகிறவனைப் பார்த்து நான் பயந்தது அன்றுதான். நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, காதருகே எந்தச் சத்தமும் கேட்டுவிடக் கூடாதே என்று சீட்டியடித்தபடி வீடு வந்தேன்.

சமையலறை வாசலில் இறக்கினேன். வலது பக்கம் கை இருந்த இடத்தில் இரண்டு துளைகள்தான். மனைவி அதைப் பார்த்தாள். மிச்சமிருந்த வெங்காயத்தை எடுத்து வெட்டினாள்.

டொக்.

இரண்டாவது டொக்குக்குக் காத்து நின்றேன். அடுத்த வெட்டு. டொக். அதற்கடுத்ததும் ஒன்றே ஒன்றுதான்.

"கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றாள்.

நாற்பத்தொரு நாள் பட்டினி கிடந்த காது, நம்பவில்லை. "என்னையா சொன்னே?"

"பின்ன? அவர்தான் உக்காந்துட்டாரே."

நாற்காலியை ஒட்டினாற்போல் ஒரு முழம் வழி இருந்தது. நான் கொல்லைப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்க் கை கழுவினேன்.